இடிந்த அரண் மாளிகையைப் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி: ஷ்ராப்ஷயரின் ஆக்டன் பர்னெல்

இங்கிலாந்தின் மேற்கே, வேல்சை ஒட்டிய ஷ்ராப்ஷயரில், ஷ்ரூஸ்பரி நகருக்குத் தென்கிழக்கே உள்ள ஆக்டன் பர்னெல் என்ற சிற்றூரில், செம்மணற்கல்லால் கட்டிய ஒரு மாளிகையின் புறச்சுவர்கள் மட்டும் மூலைக் கோபுரங்களோடு நிற்கின்றன. உள்ளே தளமும் இல்லை, கூரையும் இல்லை. வருபவர்களில் பலர் புல்தரையில் ஒரு சுற்று நடந்து, இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால், அதே வெறும் சுவர்களிலிருந்து எழுநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு வீட்டின் அறைகளையும் அன்றாட வாழ்வையும் பெருமளவு மீட்டுவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஆக்டன் பர்னெலுக்குப் போகாதீர்கள். அதே ஷ்ராப்ஷயரில், கிரேவன் ஆர்ம்ஸ் ஊருக்கு அருகில், ஏறக்குறைய அதே காலத்தில் எழுந்த ஸ்டோக்சே மாளிகை கூரையோடும் மரவேலைகளோடும் முழுமையாக நிற்கிறது. இடிந்த வீட்டில் எது காணாமல் போயிருக்கிறது என்பதை அறிய, இடியாத வீட்டைப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. கம்பளி வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய லட்லோ ஊர் லாரன்ஸ் 1281இல் இந்த நிலத்தை வாங்கி மாளிகை எழுப்பினார். அரண் அமைக்க 1291இல் அரசரின் உரிமம் பெற்றார். 1294இல் கப்பல் விபத்தில் இறந்தார். அங்குள்ள பெரிய கூடத்தில் நின்று மேலே பாருங்கள். கூரை மரங்கள் புகை படிந்து கறுத்திருக்கின்றன. சுவரில் கணப்பு, அதாவது குளிர்காயத் தீ மூட்டும் மாடம், கிடையாது. தரையின் நடுவில் எண்கோண வடிவில் அமைந்த அடுப்பிலிருந்து புகை எழுந்து கூரைவரை சென்றதால் வந்த கறுப்பு அது. மாடிக்கு ஏறும் படிக்கட்டைக் கவனியுங்கள். முழு மரத்துண்டுகளைச் செதுக்கிச் செய்த படிகள் இன்றும் இருக்கின்றன. கூடத்தின் ஓரத்தில் உள்ள மேலறையில், கீழே நடப்பதைப் பார்க்க வைத்த சிறு துளைகளைத் தவறவிடாதீர்கள். கூடம், வீட்டாரின் தனி அறை, சமையல் பகுதி, இவற்றை இணைக்கும் படி ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அந்த வரைபடம் அடுத்த இடத்தில் பயன்படும்.

ஆக்டன் பர்னெலைக் கட்டியவர் வணிகர் அல்லர். முதலாம் எட்வர்டு அரசரின் சான்சலராகவும் (அரசின் மிக உயர்ந்த அதிகாரி), பாத்-வெல்ஸ் மறைமாவட்ட ஆயராகவும் இருந்த இராபர்ட் பர்னெல் 1284இல் உரிமம் பெற்றுப் பணியைத் தொடங்கினார்; 1292இல் இறந்தார். 1420 அளவில் மாளிகை கைவிடப்பட்டிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அது களஞ்சியமாகப் பயன்பட்டது.

உள்ளே நின்றதும் சுவரில் உள்ள துளைகளிலிருந்து தொடங்குங்கள். ஒரே மட்டத்தில் வரிசையாக, ஒரு கட்டை நுழையும் அளவுக்குப் பெரிதாக இருப்பவை தளத்தைத் தாங்கிய உத்திரங்களின் இடங்கள். அந்த வரிசையின் உயரமே மேல் மாடியின் தரைமட்டம். துளைக்குப் பதிலாகச் சுவரிலிருந்து நீண்டிருக்கும் தாங்குகற்களும், ஓரிடத்தில் சுவர் மெலிந்து உருவாகும் விளிம்பும் அதே செய்தியைச் சொல்லும். இவற்றைவிடச் சிறிதாகச் சுவர் முழுவதும் அடுக்கடுக்காகத் தெரியும் சதுரத் துளைகள் கொத்தர்கள் சாரம் கட்டிய இடங்கள். இவற்றையும் உத்திரத் துளைகளையும் குழப்பிக்கொண்டால் இல்லாத மாடிகளை எண்ண நேரிடும். சுவரின் உச்சிக்கருகே சாய்வாக ஓடும் கோடோ வெட்டோ தென்பட்டால், கூரை அங்கே சுவரைத் தொட்டிருக்கலாம்.

அடுத்துச் சாளரங்கள். பெரிய, அழகிய வேலைப்பாடுள்ள சாளரங்கள் முதன்மையான அறைகளைக் காட்டும். கீழ்த்தளத்தில் சரக்கும் பணியாளர்களும் இருந்த இடங்களுக்குச் சிறு திறப்பே போதுமானதாக இருந்தது. இங்கே கூடம் மேல் தளத்தில் இருந்தது என்பதை உயரமான சாளரங்களே காட்டிக்கொடுக்கின்றன. இத்தகைய மாளிகைகளில் சாளரக் குழிவின் இருபுறமும் கல் இருக்கை அமைப்பது வழக்கம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், வெளிச்சத்துக்காக ஒருவர் அங்கே அமர்ந்து படித்தோ தைத்தோ இருக்கலாம் என்று கொள்ளலாம். எட்டாத உயரத்தில் கணப்பு ஒன்று சுவரில் தொங்குவதாகத் தோன்றினால், அதன் அடிமட்டத்தை உத்திரத் துளைகளோடு ஒப்பிடுங்கள், இரண்டும் பொருந்தும். சுவரின் கனத்துக்குள் ஒடுங்கிய சிற்றறையும், அதிலிருந்து கீழே இறங்கும் குழாயும் கழிப்பறைக்குரியவை. தனி அறைகள் பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

இது உண்மையில் கோட்டையா என்ற கேள்விக்கும் சுவர்களே விடை தருகின்றன. கோபுரங்களும், மதிலின் உச்சியில் பல்வரிசைபோல் அமைந்த ஞாயில்களும் போர்க்கோலம் காட்டினாலும், இவ்வளவு பெரிய சாளரங்களை வெளிப்புறம் நோக்கி வைத்த வீட்டால் நீண்ட முற்றுகையைத் தாங்க முடியாது. ஸ்டோக்சேயின் கூடமும் அப்படித்தான். வேல்சுப் போர்கள் ஓய்ந்துகொண்டிருந்த காலத்தில், கொள்ளையரைத் தடுக்கும் அளவுக்குப் பாதுகாப்பும், அரசரின் உரிமம் பெற்றவர் என்ற மதிப்பும் இவர்களுக்கு வேண்டியிருந்தன. என் கணிப்பில் இரண்டாவதே மேலோங்கியிருக்கிறது.

அருகிலேயே புனித மரியா தேவாலயம் உள்ளது. பர்னெல் காலத்தில் எழுந்த அதன் கல்வேலை குலையாமல் நிற்பதால், மாளிகையில் தேய்ந்துபோன சாளர வேலைப்பாடுகளை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சற்றுத் தள்ளி ஒரு பெரிய களஞ்சியத்தின் இரு முகப்புச் சுவர்கள் மட்டும் தனித்து நிற்கின்றன. 1283 அக்டோபரில் எட்வர்டு கூட்டிய நாடாளுமன்றம் அங்கேதான் அமர்ந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. வணிகர்கள் தங்கள் கடனை மேயர் முன் பதிவு செய்து வசூலிக்க வழிசெய்த ஆக்டன் பர்னெல் சட்டம் அந்தக் கூட்டத்தில் பிறந்தது. அச்சுவர்கள் கல்லூரி ஒன்றின் வளாகத்துக்குள் இருப்பதால், அனுமதியின்றி உள்ளே நுழைய வேண்டாம்.

காலையிலோ மாலையிலோ போவது நல்லது. சாய்ந்த வெயிலில்தான் உளித்தடங்களும், பின்னாளில் அடைத்த வாசல்களின் விளிம்புகளும் தெளிவாகத் தெரியும். தொலைநோக்கி ஒன்றும், அளவு நாடாவும், ஸ்டோக்சேயில் வரைந்த தாளும் போதும். இரு இடங்களையும் வரலாற்றுச் சின்னங்களைப் பேணும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு பராமரிக்கிறது. ஆக்டன் பர்னெலுக்குக் கட்டணம் இல்லை, ஸ்டோக்சேக்கு உண்டு. மணற்கல் எளிதில் உதிரும் என்பதால் சுவர்மீது ஏறுவதும், அதில் கீறுவதும் கூடாது. உலோகம் கண்டறியும் கருவியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.