'எ லாங் வாக் டு வாட்டர்': வகுப்பில் பேசவைப்பது எப்படி?

லிண்டா சூ பார்க் 2010-இல் எழுதிய இந்த நாவலில் இரண்டு காலங்கள் மாறி மாறி வரும்: 1985-இல் சூடானின் போருக்குத் தப்பி ஓடும் சிறுவன் சல்வா, 2008-இல் தண்ணீருக்கு நடக்கும் சிறுமி நியா. இளம் வாசகர்கள் தடுமாறுவது இங்கேதான். முதல் நாளே கரும்பலகையில் இரண்டு காலக்கோடுகள் வரைந்து, அத்தியாயம் முடிய முடிய நிரப்பச் சொல்லுங்கள். சல்வாவின் கோட்டுக்கு மேல், அவன் தப்பிச் செல்லும் எத்தியோப்பியா, கென்யா வரைபடத்தையும் ஒட்டுங்கள்.

பிறகு தண்ணீர். அகதி முகாம்களில் உதவி அமைப்புகள் பின்பற்றும் ஸ்ஃபியர் (Sphere) நெறிமுறை, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. வீட்டில் குளிக்க, குடிக்க, கழுவ எத்தனை லிட்டர் ஆகிறது என்று பிள்ளைகள் ஒருநாள் அளந்து எழுதிவரட்டும். 5 லிட்டர் கேனுடன் 500 மீட்டர் நடக்கவும் விடலாம். 20 லிட்டர் கேன் வேண்டாம். 20 கிலோ எடை பிஞ்சு முதுகைப் பிடித்துவிடும்.

"ரொம்பப் பாவம்" என்றே பலர் எழுதுவார்கள். கேள்வி பொதுவாக இருப்பதுதான் காரணம். நியாவின் தங்கை அகீருக்கு நோய் வந்த இடத்தைத் திறந்து, "தண்ணீரைக் கொதிக்கவைப்பது அந்தக் குடும்பத்துக்கு ஏன் கஷ்டம்?" என்று கேளுங்கள். பதிலோடு பக்க எண்ணும் வேண்டும்.

வகுப்பில் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளை இருந்தால், சொந்தக் கதையைச் சொல்லும்படி ஒருபோதும் கேட்காதீர்கள். தானாகப் பேசினால் கவனமாகக் கேளுங்கள்.