மும்பை மழையில் கேக் டின் துருப்பிடிக்காமல் இருக்க

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றிலேயே ஈரம்தான். மாட்டுங்காவோ செம்பூரோ, கேக் டின்னைத் துணியால் துடைத்து அடுக்கினால் மட்டும் போதாது. துரு பெரும்பாலும் மடித்த விளிம்பில்தான் தொடங்கும். அந்த இடுக்கில் தங்கும் தண்ணீருக்குத் துணி எட்டாது. கழுவிய டின்னை, அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் 10 நிமிடம் கவிழ்த்து வையுங்கள். ஓவன் ஆறிவிட்டதா, தீயை அணைத்த தோசைக்கல்மேல் கவிழ்த்தாலும் சரி. அப்புறம் இரண்டு சொட்டு எண்ணெயை மெல்லப் பூசி, இடையில் வெள்ளைத் தாள் வைத்து அடுக்கலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். எண்ணெய் அதிகமானால் பிசுக்குதான் மிச்சம். கம்பி நார் பக்கமே போகாதீர்கள். இரும்பைக் காக்கும் பூச்சு உரிந்துவிடும். அலுமினிய டின் என்றால் துருப்பிடிக்காது, நன்றாகத் துடைத்து வைத்தாலே போதும்.