அடகுக் கம்பெனியிலிருந்து நம் தகவல் கசிந்தால்: மதுரையில் இருந்தபடியே என்னென்ன செய்யலாம்?

கீழமாசி வீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்குப் போன ஆனி மாதம் ஒரு போன் வந்தது. "உங்க நகைக்கடன் தவணை தாண்டிருச்சு. மொத்தம் 41 கிராம். ரெண்டு வளையல், ஒரு ஆரம். நாளைக்கு ஏலம். வட்டியை மட்டும் இந்த நம்பருக்குப் போட்டு விட்ருங்க." கடன் எண், கிராம் கணக்கு, சித்தியின் பெயர் எல்லாமே சரியாக இருந்தது. கடையில் அந்த நேரம் கூட்டம் என்பதால் பணம் அனுப்பவில்லை. அதனால்தான் தப்பித்தார். சாயங்காலம் என்னிடம் கேட்டார்: "ஏப்பா, பீரோவைத் திறந்து பாத்தவன் மாதிரில சொல்றான்?"

மறுநாள் கிளைக்குப் போய்க் கேட்டோம். "சிஸ்டத்துல ஒரு சின்னப் பிரச்சனை சார், சரி பண்ணிட்டாங்க" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

அந்தச் சின்னப் பிரச்சனைக்குப் பெயர்தான் தகவல் கசிவு. அதற்கப்புறம் சித்தப்பாவுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. லட்சக்கணக்கில் பணம் போயிருந்தால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்காவில் 2017-ல் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. 2019-ல் ஏற்பட்ட சமரசத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக 42.5 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். மக்கள் ஒரு படிவத்தை நிரப்பித் தங்கள் பங்கைக் கேட்க முடிந்தது. நம் ஊரில் அப்படி ஒரே கதவு கிடையாது. நாலைந்து கதவுகள் உண்டு, எதைத் தட்டினாலும் உள்ளேயிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கம்பெனிக்கு எழுதினீங்களா? எந்தத் தேதி?" அதனால் கீழே வரும் நான்காவது படியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

படி 1: பணம் போனதா, தகவல் மட்டும் போனதா?

இரண்டுக்கும் வழி வேறு. பணம் போயிருந்தால் இரண்டாவது படிக்கு இன்றே, இப்போதே போங்கள். தகவல் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் மூன்றாவதிலிருந்து தொடங்கலாம். ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பணம் போகாத நிலையில் நஷ்டஈடு வாங்குவது கடினம். "உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்ற கேள்விக்கு நம் கையில் தாள் வேண்டும்.

படி 2: பணம் போயிருந்தால்

1930-க்குப் போன் செய்யுங்கள். இது சைபர் குற்ற உதவி எண். பணம் மோசடிக்காரன் கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. அடுத்து உங்கள் வங்கிக்குச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று உண்டு. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பில்லை. தவறு வங்கியிலும் இல்லை, நம்மிடமும் இல்லை, நடுவில் வேறு எங்கோ நடந்தது என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் அப்போதும் பொறுப்பில்லை. நான்கு முதல் ஏழு நாள் ஆகிவிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை நம் தலையில் விழும். ஆனால் ஓடிபி-யை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம்முடைய நஷ்டம்தான். தெரிவித்த பிறகு போனதற்கு வங்கி பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் தள்ளிப்போடாதீர்கள்.

போலீஸ் புகாரை சைபர் குற்ற இணையதளத்திலேயே போடலாம். நேரில் போவதாக இருந்தால் மதுரையில் ஒரு குழப்பம் உண்டு. மாநகரக் காவலுக்கு ஒரு சைபர் பிரிவு, மாவட்டக் காவலுக்கு வேறு ஒன்று. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிக்காரர்கள் மாவட்டப் பிரிவுக்குப் போக வேண்டும். "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினால், எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்பலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்வதைப் பணிவாக நினைவுபடுத்துங்கள்.

படி 3: பூட்டுகிற வேலை

இது அரை மணி நேர வேலை. ஆதார் கைரேகையை ஆதார் செயலியில் பூட்டுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் வருடத்துக்கு ஒரு முறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு.

போனில் வந்த எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அசல் போனிலேயே இருக்கட்டும்.

படி 4: கம்பெனிக்குக் கடிதம்

கிளை மேலாளரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. ஒவ்வொரு நிதி நிறுவனமும் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருக்கும். அவருக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள், தாளிலும் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025-ல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். அதனால் விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான சான்றும் வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். அந்தத் துண்டுச் சீட்டு தங்கத்துக்குச் சமம்.

நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, என் நகைக்கடன் எண் இது. இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த எண்ணிலிருந்து வந்த அழைப்பில் என் கடன் எண்ணும் நகையின் எடையும் சொல்லப்பட்டன. இவை உங்கள் நிறுவனத்துக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தவை. 1) உங்கள் கணினி அமைப்பில் தகவல் கசிவு நடந்ததா, எப்போது? 2) என்னுடைய எந்தெந்த விவரங்கள் வெளியே போயின? வங்கிக் கணக்கு எண், ஆதார், பான், புகைப்படம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லவும். 3) இதை செர்ட்-இன் அமைப்புக்கும் ரிசர்வ் வங்கிக்கும் தெரிவித்தீர்களா? 4) எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை? 30 நாளில் எழுத்தில் பதில் தரவும்."

மூன்றாவது கேள்வி சும்மா போட்டதில்லை. செர்ட்-இன் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு. கசிவு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது. அந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடிதம் கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு மேஜை மாறிவிடும். கோபமாக எழுத வேண்டாம், மீனாட்சியம்மன் சாபமெல்லாம் வேண்டாம் (சித்தப்பாவின் முதல் வரைவில் இருந்தது). தேதியும் எண்ணும் போதும்.

படி 5: குறைதீர்ப்பாளர்

30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சப்பை என்றால், ஒத்திப்போடாமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் தனித்தனியாக இருந்ததை 2021 நவம்பரில் ஒரே திட்டமாக்கினார்கள். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் போடலாம், சந்தேகத்துக்கு 14448. கட்டணம் கிடையாது, உங்களுக்காக வக்கீல் போடவும் முடியாது, நீங்களோ வக்கீல் அல்லாத உங்கள் பிரதிநிதியோதான் போட வேண்டும். இதே விஷயம் ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். எனவே இதை முதலில் முடித்துக்கொண்டு அப்புறம் நுகர்வோர் ஆணையம்.

எல்லோருக்கும் இந்தக் கதவு திறக்காது. தாசில்தார் உரிமம் வாங்கிய தெருமுனை அடகுக்கடை இதில் வராது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் நகை வைத்தவர்கள் கூட்டுறவுத் துறையின் இணைப்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். காப்பீடு என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். பங்குத் தரகர் என்றால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளம்.

படி 6: மாவட்ட நுகர்வோர் ஆணையம்

என் பார்வையில் சாதாரண ஆளுக்கு இதுதான் நல்ல கதவு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அவர்கள்தான் மதுரைக்கு வர வேண்டும். சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் போடலாம். காலக்கெடு இரண்டு வருடம்.

சேவைக் குறைபாடு என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். நுகர்வோர் நம்பிக்கொடுத்த சொந்தத் தகவலைச் சட்டம் அனுமதிக்காத வகையில் பிறருக்கு வெளிப்படுத்துவதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான் என்று அதே சட்டத்தின் 2(47) சொல்கிறது. "நாங்க குடுக்கல, திருடிட்டாங்க" என்று கம்பெனி வாதாடும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரே கிளையில் பத்துப் பேர் பாதிக்கப்பட்டிருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு 35-ஆவது பிரிவில் எல்லோருக்குமாக ஒரே புகார் போடலாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பி விரதம் இருக்காதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். எண் 15100.

படி 7: தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஏ

பலருக்கும் தெரியாத கதவு இது. முக்கியமான சொந்தத் தகவலைக் கவனக்குறைவாக வைத்திருந்து நஷ்டம் வந்தால் நிறுவனம் ஈடு கொடுக்க வேண்டும். 5 கோடி வரை கேட்கும் மனுக்களை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பு அதிகாரியாக விசாரிப்பார். 2010-லேயே தமிழ்நாட்டின் தீர்ப்பு அதிகாரி, இணையவங்கி மோசடியில் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஒரு பெரிய தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், வங்கிக் கணக்கு, கார்டு விவரம், கடவுச்சொல், கைரேகை, மருத்துவ விவரம் போன்றவைதான் இதில் வரும். பெயரும் போன் எண்ணும் மட்டும் போயிருந்தால் போதாது. கடிதத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டது இதற்காகத்தான்.

2023-ல் வந்த புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் அமலுக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி வரை அபராதம். அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், நமக்கு இல்லை. கூடவே 43ஏ-வும் நீக்கப்படும். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆகவே 43ஏ-வில் கேட்க நினைப்பவர்கள் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

சித்தப்பாவுக்கு 28-ஆம் நாள் பதில் வந்தது. கடன் எண், எடை, கைபேசி எண், முகவரி ஆகியவை "அனுமதியின்றி அணுகப்பட்டிருக்கலாம்", வங்கிக் கணக்கும் ஆதாரும் போகவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆக 43ஏ எங்களுக்கு இல்லை. குறைதீர்ப்பாளரிடம் புகார் போட்டு எண் வாங்கியாயிற்று. கம்பெனியின் கடிதத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று சித்தப்பா லேமினேட் செய்து கொண்டுவந்து நிற்கிறார். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.