வராதவர்களிடமும் கேளுங்கள்: மனநலச் சேவையை மதிப்பிடத் தொடங்குபவர்களுக்கு

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு வாசலில் நின்றுகொண்டு "இங்கே எப்படிப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "நல்லா பாக்குறாங்க" என்றுதான் பதில் வரும். அடுத்த மாதமும் அதே டாக்டரிடம் மாத்திரை வாங்க வேண்டியவர் வேறு என்ன சொல்வார்? ஒருமுறை வந்து நின்றுபோனவரும், வரவே வராதவரும் அந்த வாசலில் இருக்கப் போவதில்லை. அவர்களிடம் போவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. தொண்டு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் சமூகப்பணி மாணவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. ஒரே ஒரு சேவையை எடுங்கள்

மாவட்ட மனநலத் திட்டத்தின் வெளிநோயாளர் பிரிவா, தாலுகா மருத்துவமனைக்கு டாக்டர் வந்து பார்க்கும் நாளா, 14416 தொலைபேசி ஆலோசனையா? மூன்றையும் ஒரே ஆய்வில் போட்டால் ஒன்றும் உருப்படாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். சாதி, மதம், பாலினம், வர்க்கம் எதையும் காரணமாக்கிப் பாகுபாடு காட்டாமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது அது. நாம் கேட்பது சலுகை இல்லை என்று அதிகாரிகளிடம் பேச இது போதும்.

2. யார் வரவில்லை?

பெயர் இல்லாமல், ஊர்வாரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் கிராம சுகாதாரச் செவிலியரோடும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரோடும் உட்காருங்கள். குடியானத் தெருவிலிருந்து வருகிறார்களா, ஆதிதிராவிடர் தெருவிலிருந்து வருகிறார்களா, மீனவக் குப்பம், நரிக்குறவர் குடியிருப்பு, திருநங்கைகள்? பேர்வழி யார் என்று கேட்க வேண்டாம், போக்கு தெரிந்தால் போதும்.

மனநோய் தீர வேண்டும் என்று குணசீலம் கோயிலுக்கும் நாகூர் தர்காவுக்கும் போகிறவர்களையும் விடாதீர்கள். அதை மூடநம்பிக்கை என்று குறித்துக்கொண்டால் உங்கள் ஆய்வு அங்கேயே படுத்துவிடும். அங்கே தங்க முடிந்ததா, ஊரில் பேச்சு வராமல் இருந்ததா என்று கேளுங்கள். மருத்துவமனையில் என்ன இல்லை என்பது அந்தப் பதிலில் வந்துவிடும்.

3. கேள்வி எழுதும் முன் குழு

இதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். கேள்வித்தாளை அச்சடித்துவிட்டு "நீங்களும் பாருங்கள்" என்று காட்டுவது கலந்தாலோசனை ஆகாது. சிகிச்சை எடுத்தவர்கள், பாதியில் விட்டவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் என ஐந்தாறு பேரை முதலிலேயே சேருங்கள். எதை ஆராய வேண்டும் என்று முடிவெடுப்பதில் அவர்களுக்கும் பங்கு இருக்கட்டும். வருகிற நாளுக்கு ஒருநாள் கூலியும் பஸ் காசும் கொடுத்தாக வேண்டும். உங்களுக்குச் சம்பளம் உண்டு, அவர்கள் மட்டும் ஏன் சும்மா வர வேண்டும்?

காலமும் பார்க்க வேண்டும். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் நடவாட்களைப் பகலில் பிடிக்க முடியாது, சம்பா அறுவடையிலும் அதே கதைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். நாகைப் பக்கம் மீனவர்கள் கரையில் இருப்பார்கள். ஆனால் வருமானம் இல்லாத நேரம், பதில்களில் அதன் பாரமும் ஏறியிருக்கும். அதைக் குறித்து வையுங்கள்.

இடத்தை அவர்களே சொல்லட்டும். கோயில் மண்டபமும் ஊராட்சி அலுவலகமும் நமக்குத்தான் பொது இடம்.

4. நடந்ததைக் கேளுங்கள்

"திருப்தியா?" என்ற கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். மாறாக: கடைசியாகப் போனபோது எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? டாக்டர் உங்களிடம் பேசினாரா, கூட வந்தவரிடமா? எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள்? (திருநங்கைகளிடம் இதை அவசியம் கேளுங்கள்.) மாத்திரை எத்தனை நாளுக்குக் கிடைத்தது, வெளியே வாங்கச் சொன்னார்களா? அன்றைக்குக் கூலி போனதா? தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று அவர்கள் சொன்னால் அப்படியே எழுதுங்கள், நோயின் பெயராக மாற்ற வேண்டாம்.

5. யார் கேட்பது?

மருத்துவமனை ஊழியர் வேண்டாம். அதே ஊர் ஆதிக்க சாதிக்காரரும் வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. பெண்களிடம் பெண்ணே பேசட்டும், மாமியாரோ கணவரோ பக்கத்தில் இல்லாத நேரமாக இருக்கட்டும். பதில் சொல்ல மறுத்தாலும் சிகிச்சை நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாராவது உயிரை விடும் எண்ணத்தைச் சொன்னால் கேள்வித்தாளை மூடிவிட்டு அவரோடு இருங்கள். 14416-ஐ அழைத்துக் கொடுங்கள், அருகில் எந்த டாக்டரிடம் அனுப்புவது என்பதையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

6. சராசரி எடுக்காதீர்கள்

இருநூறு பேரில் ஆறு பேர் திருநங்கைகள் என்றால், மொத்தக் கணக்கில் அவர்கள் குரல் காணாமல் போய்விடும். தனியாகப் படியுங்கள். ஆனால் அப்படிப் பிரித்தால் இன்னொரு ஆபத்து: சின்ன ஊரில் "ஒரு திருநங்கை சொன்னார்" என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வட்ட அளவில் எழுதுங்கள். அப்படியும் அடையாளம் தெரியும் என்றால், அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்காமல் அந்த வரியைச் சேர்க்காதீர்கள்.

7. முதலில் அவர்களிடம் வாசியுங்கள்

அறிக்கை அதிகாரியிடம் போகும் முன் குழுவுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள், தவறு என்று அவர்கள் சொல்வதைத் திருத்துங்கள். பிறகு மாவட்ட மனநலத் திட்ட அலுவலரிடம் இரண்டு மூன்று கோரிக்கைகளோடு போங்கள். டாக்டர் வரும் நாளை மாற்றுவது, ஒரு மாத மாத்திரையை ஒரே தடவையில் தருவது போன்ற, அங்கேயே முடிவெடுக்கக் கூடியவை. அவர் மறுத்தால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதையும் குழுவிடம் சொல்லுங்கள், அடுத்து யாரிடம் போவது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.