பழைய ஜெர்மன் பிஸ்டல் எங்கே, எப்போது செய்தது?

முதலில் உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் பூதக்கண்ணாடி. மணல்தாள் மட்டும் வேண்டாம், துருவோடு முத்திரையும் போய்விடும்.

சுட்டுச் சோதித்ததற்கு அடையாளமாகப் பொறித்த, பொடியாக இருக்கும் சோதனை முத்திரையைத் தேடுங்கள். 'என்' (N) எழுத்தின் மேல் கிரீடம் இருந்தால் பெரும்பாலும் 1940க்கு முந்தையது; கழுகு இருந்தால் பிந்தையது. லூகர் வகைப் பிஸ்டல் என்றால் மேலே மடங்கும் மூட்டில் பாருங்கள்: பின்னிப் பிணைந்த 'டி.டபிள்யூ.எம்.' எழுத்துகள் பெர்லின் கம்பெனியுடையவை; கிரீடமும் 'எர்ஃபுர்ட்' என்ற பெயரும் அங்கிருந்த அரசுத் தொழிற்சாலையுடையவை.

எனக்குப் பிடித்தது வால்தர் கம்பெனிப் பிஸ்டல். அதில் ஊர்ப்பெயரே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கம்பெனி இருந்த செல்லா சென்ட் பிளாசி, பக்கத்து ஊரான மேலிஸோடு 1919இல்தான் இணைந்தது. ஆகவே 'செல்லா-மேலிஸ்' என்று பொறித்திருந்தால், அது முதல் உலகப்போர்க் காலத்துப் பிஸ்டல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.