அடித்தளப் பவளத் தொட்டியில் பிஹெச்சை ஏற்றிய விதம்

சுவருக்குள் பதித்த பெரிய பவளத் தொட்டி. பின்னால் சின்ன அடித்தள அறையில் சம்ப் (நீர் சுத்திகரிக்கும் துணைத்தொட்டி), ஸ்கிம்மர் (காற்றுக்குமிழ்களால் கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி), பம்ப். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), காரத்தன்மை 8.5 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு), எல்லாம் சரி. ஆனால் விடிகாலையில் பிஹெச் (நீரின் அமில-கார அளவு; குறைந்தால் அமிலம் கூடுகிறது) 7.7-ஐத் தாண்டவே தாண்டாது. அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் நுனிகளில் புது வளர்ச்சியின் வெளிர் நிறமே காணோம். பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை.

ஒரு வாளித் தொட்டி நீரை வெளியே வைத்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணி நேரம் குமிழவிட்டேன். பிஹெச் 8.1! அப்போ குற்றவாளி அறைக்காற்றுதான். மூடிய இடத்தில் தேங்கும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. இதற்குக் காரத்தன்மையை ஏற்றும் பஃபர் பொடி தீர்வே இல்லை; காரத்தன்மைதான் எகிறும், பிஹெச் மறுபடி இறங்கிவிடும்.

ஸ்கிம்மர் காற்றை உறிஞ்சும் குழாயை ஜன்னல் சட்டம் வழியாக வெளியே கொண்டுபோனேன். நீளம் கூடினால் காற்று இழுப்பது குறையும் என்பதால் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கினேன். வெளிமுனையில் பூச்சி வலை கட்டி, மழைநீர் புகாதபடி வாயைக் கீழ்நோக்கி வளைத்தேன். இப்போது விடிகாலையிலும் 8.0 நிற்கிறது, நுனிகளிலும் புது வளர்ச்சியின் வெளிர் நிறம் தெரியத் தொடங்கிவிட்டது. வெளியே பூச்சிமருந்து அடிக்கும் நாளில் மட்டும் குழாயை மறக்காமல் உள்ளே இழுத்துவிடுங்கள். அந்தக் காற்று இறால்களுக்கு ஆகாது.