கோடைப் பயிற்சிக்குப் பின் தொழுவத்தில் நேரும் தவறுகள்

சித்திரை, வைகாசியில் வயல் வேலை குறைந்திருக்கும். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்தும் சாண மேலாண்மை, அசோலா (நீரில் மிதந்து வளரும், மாட்டுக்குத் தீவனமாகும் செடி), சாண எரிவாயு, மண்புழு உரப் பயிற்சிகளுக்குக் கூட்டம் சேர ஏற்ற காலம் அது. அங்கே சொல்லித் தருவதில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. கேட்டு வந்ததைத் தன் தொழுவத்தின் அளவுக்கும் அந்த மாதத்து வெயிலுக்கும் பொருத்திப் பார்க்காமல் இறங்குவதில்தான் பணமும் உழைப்பும் வீணாகின்றன.

யார் போகிறார் என்பதிலேயே முதல் தவறு தொடங்குகிறது. பெரும்பாலான வீடுகளில் சாணி அள்ளுவதும் தொழுவம் கூட்டுவதும் பெண்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பயிற்சிக்கு பஸ் ஏறுபவரோ வீட்டு ஆண். திரும்பி வந்து, “மூத்திரத்தைத் தனியாகப் பிடிக்க வேண்டுமாம்” என்று ஒரு வரி சொல்வார். அத்துடன் பாடம் முடிந்துவிடும். இருவரும் போக முடியாவிட்டால், சாணி அள்ளுபவர் போவதே நல்லது.

எருவில்தான் இழப்பு அதிகம், கவனம் குறைவு. மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறக்குறைய பாதி மூத்திரத்தில் இருக்கிறது. சாம்பல் சத்தின் (பொட்டாஷ்) பெரும்பகுதியும் அதில்தான். பயிற்சியில் இதைக் கேட்டுத் தலையாட்டியவர் வீட்டிலேயே மூத்திரம் வாய்க்கால் வழியே தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். சிமெண்டுத் தொட்டி கட்ட வசதியில்லை என்பார்கள். தொட்டி வேண்டாம், வீணாகும் வைக்கோல், சருகு, கரும்புத் தோகை எது கிடைத்தாலும் மாட்டின் பின்னங்கால் பக்கம் பரப்பி, மறுநாள் ஊறியதை அள்ளிக் குழியில் போட்டாலே போதும்.

குப்பை மேட்டை வெட்டவெளியில் விடுவது அடுத்தது. கோடை வெயிலில் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறக்கிறது. பிறகு வரும் கோடைமழை, மிச்சத்தைக் கரைத்துக் கிணற்றுப் பக்கமோ ஏரிப் பக்கமோ கொண்டுபோகிறது. நிழலில் குழி வெட்டி, நிறைந்ததும் மண் போட்டு மூடுவது நம் பாட்டன்மார் செய்ததுதான். ஆனால் குழியில் பக்குவமாக வைத்த எருவைக்கூடக் கடைசிக் கட்டத்தில் கெடுத்துவிடுகிறோம். சித்திரையில் வண்டி வாடகை மலிவாகக் கிடைக்கிறது என்று வயல் முழுக்கச் சிறு சிறு கும்பியாகக் கொட்டிவிட்டு, ஆடியில் உழும்போது பரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு மாத வெயிலுக்குப் பிறகு அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் நார்தான். உழவுக்கு முதல் நாள் கொட்டி, பரப்பியவுடன் மண்ணில் மடக்க வேண்டும். உரத்துக்காக ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைத்துக் கிடை போடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். மந்தை மேய்க்கும் கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போனதும் மேலாக ஓர் உழவு ஓட்டாவிட்டால், கொடுத்த கிடைக்கூலியில் ஒரு பங்கு காற்றோடு போகும். இந்த விஷயத்தில் கீதாரிகளுக்குத் தெரிந்த அளவு அரங்கில் பேசுபவர் பலருக்குத் தெரியாது. அவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை என்பது தனி வருத்தம்.

சாண எரிவாயுக் கலனில் ஆசை அளவை மீறுகிறது. 2 கன மீட்டர் கலனுக்கு அன்றாடம் சுமார் 50 கிலோ சாணி வேண்டும். நாட்டுமாடு நாளைக்கு 10 கிலோ போடும், கலப்பினப் பசு 15 கிலோவோ அதற்கு மேலோ போடும் என்று கணக்குப் போட்டு, மானியம் கிடைக்கிறதே என்று பெரிய கலனாகக் கட்டிவிடுவார்கள். பகலெல்லாம் மேயப்போகும் மாட்டின் சாணியில் பாதி மேய்ச்சல் காட்டிலேயே விழுந்துவிடுகிறது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோடையில் தீனி குறையும்போது சாணியும் குறையும். ஆகவே ஒரு வாரம் தொழுவத்தில் சேரும் சாணியைக் கூடையால் அளந்து பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கழுவிய தண்ணீரைக் கலனுக்குள் விடவே கூடாது. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். கலனிலிருந்து வெளிவரும் கரைசல் நல்ல உரம். அதைத் தெருவில் விட்டுவிட்டு யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கலாம்.

கலன் கட்டிவிட்டால் மாட்டின் மீத்தேன் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. மாட்டின் வயிற்றில் உருவாகும் மீத்தேனில் பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது. சாணியிலிருந்து வருவது வேறு கணக்கு. ஏப்பத்தின் பங்கைக் குறைக்கத் தீவனத்தின் தரத்தைத்தான் பார்க்க வேண்டும். வெறும் வைக்கோலை மென்று இரண்டு லிட்டர் கறக்கும் மாடு, ஒவ்வொரு லிட்டருக்கும் வெளியிடும் வாயு, பசுந்தீவனமும் தாது உப்பும் சேர்த்துத் தின்று நன்றாகக் கறக்கும் மாட்டைவிட அதிகம்.

அசோலாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியில் கொடுத்த ஒரு பிடியைக் கொண்டுவந்து அக்னி நட்சத்திர வெயிலில் திறந்த குழியில் விட்டால் வாடிப்போகும். 35 டிகிரிக்கு மேல் அது தேறாது. மர நிழலோ நிழல்வலையோ கட்டாயம். 6 அடிக்கு 3 அடிக் குழியில் நாளைக்கு அரைக் கிலோவை ஒட்டித்தான் கிடைக்கும். ஒரு மாட்டுக்கு ஒன்றரைக் கிலோவாவது வேண்டும் என்பதால், தீவனச் செலவு பாதியாகும் என்ற கனவு வேண்டாம். மண்புழுத் தொட்டியில் பச்சைச் சாணியைக் கொட்டுவதும் அப்படித்தான். அதன் சூட்டிலேயே புழு செத்துவிடும். இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டுப் போடுங்கள்.

கொட்டகையைக் குளிரவைக்கும் பனித்தெளிப்பான் ஈரோடு, தருமபுரி போன்ற வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். கடலூர், நாகப்பட்டினம் பக்கம் காற்றிலேயே ஈரம் அதிகம். மின்விசிறி இல்லாமல் அதை ஓட்டினால் மாட்டுக்குப் புழுக்கம்தான் கூடும். குழாயைத் திறந்துவிட்டுச் சாணியோடு சேர்த்துக் கழுவுவதும் கோடைக்கு ஆகாது. முதலில் வழித்து அள்ளி, பிறகு கழுவினால் செலவாகும் தண்ணீர் வெகுவாகக் குறையும்.

நடத்துகிறவர்களுக்கும் ஒன்று உண்டு. காலை 10 மணிக்கு வரவேற்புரை தொடங்கி, பொன்னாடை போர்த்தி, படக்காட்சி காட்டி, செய்முறையைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளிவைக்கிறார்கள். பிற்பகலில் சங்கத்துக்குப் பால் ஊற்ற வேண்டியவர் 2 மணிக்கே பஸ்ஸைப் பார்த்துக் கிளம்பிவிடுவார். செய்முறையை உள்ளூர் விவசாயி ஒருவரின் தொழுவத்தில், காலையில் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். உரைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.